கீழ்பென்னாத்தூர் லைன்

காய்ச்சல் என்று பொய் சொல்லி எடுத்த லீவு முடிந்து, சகாதேவன் மத்தியானம் தந்தி ஆபீசைத் திறந்தான். பழைய கோந்தும் எலிப்புழுக்கையும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. வெளியே செங்கம் ரோட்டில் வெயில் காய்ந்தது.

மேசைமேல் தந்தி மெஷின் வாயடைத்துக் கிடந்தது. கீழ்பென்னாத்தூர் லைனின் கம்பியை லைன்மேன் போன வாரமே கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த முனையில் தட்டிக்கொண்டிருந்த காசி போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒன்பது வருஷச் சிநேகம், எல்லாம் கம்பி வழியாகத்தான். காசியின் தட்டலை ஆயிரம் பேரில் பிரித்துச் சொல்லிவிடுவான் சகாதேவன். ஒவ்வொரு சேதியிலும் கடைசித் தட்டைக் காசி கொஞ்சம் இழுப்பான். அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது பாடையில்தான்.

தந்திக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. சேதி அனுப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால், வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

கார்த்திகை தீபத்தன்று மணி நாலு பத்து. ஊர் முழுக்க ஜனம் பொங்கி வழிந்தது. பெண்சாதி எல்லம்மாளைத் தீபம் பார்க்கக் கூட்டிப்போகும் அவசரம் சகாதேவனுக்கு. கடைசிச் சேதியை அனுப்பியதும் மெஷின் பதிலுக்குத் தட்ட ஆரம்பித்தது. என்ன தட்டுகிறது என்று அவன் காதில் வாங்கவில்லை. வழக்கமான பதில்தானே! ரிஜிஸ்டரில் 'பதில் வந்தது' என்று எழுதி, லைனைத் துண்டித்துவிட்டு ஓடினான்.

ஆறு மணிக்குத்தான் காசியைப் பார்த்தார்கள். மெஷின் மேலேயே கவிழ்ந்து கிடந்தான். அஞ்சு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். "உங்க பக்கம் எல்லாம் சுத்தமா இருக்குதுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சகாதேவன் வாயைத் திறக்கவில்லை. பெரிய யோக்கியன்!

இப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

மெஷின் தட்டியது.

கம்பி இல்லாத மெஷின்.

சகாதேவன் இரண்டு காதையும் பொத்தினான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் காது தன்னால் எழுத்துக் கூட்டியது.

'சகாதேவா. நெஞ்சு வலி. ஆள் அனுப்பு.'

கடைசித் தட்டு இழுத்தது.

சகாதேவன் 'கிடைத்தது' என்று தட்டினான். "கெடச்சுதுடா காசி, கெடச்சுதுடா" என்று வாய்விட்டு அழுதான்.

சத்தம் நின்றது.

பிறகு முதலிலிருந்து வந்தது. 'சகாதேவா. நெஞ்சு வலி.'

தன் பதில் அங்கே போய்ச் சேரவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. காசி விதிப்படி வேலை செய்கிறவன். பதில் வரும்வரை விடமாட்டான்.

வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்கே மெஷினைக் கழற்றிக் கொண்டுபோய் ஐயங்குளத்தில் போட்டான். மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தான். சாயங்காலம் எல்லம்மாள் டீயோடு வந்தாள்.

"என்னாங்க, வாசல்ல யாரோ கதவ தட்டறாங்க. கேக்கலயா?"

"தெறக்காத."

"ரொம்ப நேரமா தட்டறாங்க. பாவம், கையில தெம்பு இல்ல போல. கடைசித் தட்டு மட்டும் இழுக்குதுங்க."

சகாதேவன் மணியைப் பார்த்தான். நாலு பத்து.

எழுந்து போய், விரலை மடக்கி, மூடிய கதவின் உள்பக்கத்தில் 'கிடைத்தது' என்று தட்டினான்.

சத்தம் நின்றது. எல்லம்மாள் மூச்சு விட்டாள்.

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை, அவர்களுக்குப் பின்னால், சமையலறைக் கதவில்.