இங்கேர்ந்து எங்க போனாங்க

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்த முபஷ்ஷிருக்குப் போன் வந்தது. புதுப்பட்டினத்திலிருந்து ஜெய்புன்னிசா மாமி. அவனைப் பெற்ற, செத்துப்போன அத்தாவின் அக்கா. இவ்வளவு காலையில் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஏண்டா, நேத்து சாயங்காலம் மக்ரிபு தொழுவுற நேரத்துக்கு ஒரு ஆள அனுப்புனியா?"

"இல்லியே மாமி. இன்னா ஆளு?"

"ஒல்லியா, மூஞ்சிய துண்டால மூடிக்கினு வந்தாரு. உள்ள வாங்கன்னாலும் வரல, வெளியவே நின்னாரு. நம்ம வூட்டு ஆளுதான்னாரு. இங்கேர்ந்து எங்க போனாங்கன்னு கேட்டாரு. நீதான் கொஞ்ச நாளா பரம்பரைக் கதைய நோண்டிக்கினு கீறியே, உன் கூட்டாளின்னு நெனச்சேன். உன் அண்ணன் ஆகிப் செங்கல்பட்டுல கடை வெச்சிக்கிறான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யாராவது எடத்து புரோக்கரா இருக்கும் மாமி."

"அவரு நின்ன எடத்துல வாடை போவ மாட்டேங்குதுடா. கழுவிக்கினே கீறேன்."

அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. பாக்டரியின் இரைச்சல் இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறைமலைநகர் ரோட்டில் விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. போனை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினான். மூடியதும் சதுரங்கப்பட்டினத்து அறைதான் வந்தது.

அத்தா மவுத்தாகும் முன் கேட்டது ஒன்றுதான். "என் தாத்தா ஜெயினுலாபுதீன அடக்கம் பண்ண கபரு எங்க கீதுன்னு எனக்கு யாருமே சொல்லல. கண்டுபுடிச்சி ஒரு பாத்திஹா ஓதிடு."

லீவு நாட்களெல்லாம் அதற்கே போயின. ஜமாஅத்தின் பழைய பதிவில் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பு இருந்தது, நிக்காஹ் இருந்தது, மவுத்து மட்டும் இல்லை. சொந்தக்காரர்களைக் கேட்டால் டீ குடிக்கிறாயா என்று பேச்சை மாற்றினார்கள். கடைசியில் ஜெய்புன்னிசா மாமிதான் சொன்னார். குடும்பம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரே ராத்திரியில் வண்டி கட்டிக்கொண்டு புதுப்பட்டினத்துக்கு வந்தது. அவர் மட்டும் கூட வரவில்லை. ஏன் என்று கேட்டதும் மாமி அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் சதுரங்கப்பட்டினம் போனான். கோட்டைக்குப் பின்னால், பழைய வீட்டின் மிச்சமாக ஒற்றை அறை நின்றிருந்தது. அதன் சுவரோடு ஆட்டுக் கொட்டகை போட்டிருந்த அப்பாசாமி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க தாத்தா சொல்லக் கேட்டதுதாம்பா. அப்போ ஊர்ல வைசூரி. உங்காளுக்கும் கண்டுக்கிச்சு. உசுரு இருக்கச்சொல்லவே வாசல செங்கல் வெச்சி பூசிட்டு, எல்லாரும் பூட்டாங்க. உள்ளேர்ந்து அவரு கேட்டுக்கினே இருந்தாராம், எங்க போனாங்க, எங்க போனாங்கன்னு. தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்கல. சொன்னா பின்னாலயே வந்துடுவாருன்னு பயம்."

முபஷ்ஷிர் கடப்பாரையை வாங்கிச் செங்கல்லைப் பெயர்த்தான். எலும்பையாவது எடுத்து முறைப்படி அடக்கலாம் என்று நினைத்தான். உள்ளே வெயிலே பட்டிராத குளிரும், புண்ணும் சுண்ணாம்பும் கலந்த வாடையும் இருந்தன. சுவரில், கை எட்டும் உயரமெல்லாம் நகக் கீறல்கள். தரையில் மணல். மணலைக் கையால் அளைந்து அளைந்து பார்த்தான். ஒரு எலும்புகூட இல்லை. நின்றபடியே பாத்திஹா ஓதினான். அன்று இரவும் ஷிப்ட் இருந்தது, கை கடுத்தது. பெயர்த்த செங்கல்லைத் திரும்ப அடுக்காமலே பஸ் ஏறிவிட்டான்.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மனைவி ஹனியா, மகள் அர்வாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவனிடம் ஏதோ கேட்டாள், அவனும் ஏதோ சொன்னான். இருவரும் கிளம்பிப் போகும்போது கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஃபேனைச் சுழலவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கல் விழுந்தது போன்ற தூக்கம். அதற்குள்ளும் வெளியுலகம் கசிந்து வந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர், பால்காரனின் மணி, ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளின் ஓயாத உறுமல். ஒருமுறை யாரோ வாசலில் நின்று மெதுவாக எதையோ கேட்டது போலிருந்தது. கண்ணைத் திறக்காமலே "வா" என்று முனகினான். பிறகு கட்டில் லேசாக அமுங்கியது. முதுகில் ஒரு சூடு வந்து ஒட்டிக்கொண்டது.

அர்வா. ஸ்கூல் விட்டு வந்ததும் இப்படித்தான் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து படுத்துக்கொள்வாள். ஆனால் இன்று அந்த உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சலா? ஹனியாவிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை. அப்படி ஒரு அசதி.

போன் அடித்தது. ஆகிப் அண்ணன்.

"தூங்கினியாடா? காத்தால கடை தொறக்கச்சொல்ல ஒருத்தரு வந்தாருடா. மூஞ்சிய மூடிக்கினு. மாமி அனுப்புனாங்கன்னாரு."

முபஷ்ஷிர் கண்ணைத் திறந்தான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"இன்னா கேட்டாரு?"

"இங்கேர்ந்து எங்க போனாங்கன்னு. நாங்க எங்கயும் போவல, தம்பி மட்டும் மறைமலைநகர்ல கீறான்னேன். வழி கேட்டாரு, சொன்னேன். பஸ்ல ஏத்திவுடறேன்னேன், நடந்தே போறேன்னுட்டாரு. இந்நேரம் வந்துருக்கணுமே. வரல?"

"இல்ல... அர்வாதான் பக்கத்துல படுத்துக்கினு கீறா. காய்ச்சல் போல."

"சரி, வந்தா பேசு. பாவமா இருந்துச்சுடா."

போன் அணைந்தது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும். அதற்கடியில் இன்னொரு சத்தம். மூச்சு. இழுத்து இழுத்து, சளி கட்டியது போல. குழந்தையின் மூச்சு இல்லை.

வாடை வந்தது.

கீழே தெருவில் ஆட்டோ நின்றது. ஹனியா டிரைவரிடம் சில்லறை கேட்டாள். "அம்மா, பையை நீயே எடுத்துக்கினு வா, நான் அத்தாகிட்ட போறேன்" என்றது ஒரு குரல்.

அர்வாவின் குரல்.

அவன் அசையவில்லை. முதுகில் அதே சூடு. சட்டை நனைந்திருந்தது. அவன் வியர்வை இல்லை. பிசுபிசுத்தது.

படியில் செருப்புச் சத்தம். ஓடி வருகிறாள்.

கத்த வேண்டும். வராதே என்று. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"அத்தா!"

கதவு திறந்தது. அதே நேரம் அவன் தோளுக்கு மேலாக ஒரு கை மெல்ல நீண்டு வந்தது. கொப்புளம் கொப்புளமாக. நகமே இல்லாத விரல்கள். அது அவனைத் தொடவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து, குழந்தைக்கு இடம் விடுவது போல் உயர்த்திக் காத்திருந்தது.