இன்னாசியின் கருமணல்

"எங்க தாத்தா திருடனும் இல்ல, ஏமாத்துக்காரனும் இல்ல. அத நீங்க நிரூபிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் இந்த வூட்டுல உக்காரமாட்டேன்."

டோல்கேட் அருகிலிருந்த ஜஹானாராவின் வீட்டில் அம்புரோஸ் நின்றுகொண்டே பேசினார். எழுபத்து நான்கு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்குட்டையில் சுற்றி வந்த பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலை மேசைமேல் வைத்தார். 

ஜஹானாரா முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலையில் மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தவள். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்து வழக்குகள் அவளிடம் வந்தன. அருகில் நின்ற பக்கத்து வீட்டு ராமதாஸ் மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர். எந்த வழக்கிலும் குற்றவாளியை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

"பொறுமையா சொல்லுங்க" என்றாள் ஜஹானாரா.

அம்புரோஸின் தாத்தா இன்னாசி இளம் வயதில் தேவாலா மலைப் பக்கம் ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்தவர். அந்தப் பொன்னை இந்தப் பாட்டிலில் அடைத்து ராயபுரம் கொண்டுவந்தார். என்றைக்கு மாதாவுக்குக் கிரீடம் செய்கிறார்களோ அன்றைக்குக் கொடுப்பதாக நேர்ச்சை. பிறகு துறைமுகத்துப் பித்தளைப் பட்டறையில் வேலை பார்த்தார். இந்த வருடம்தான் கோயிலில் கிரீடம் செய்கிறார்கள். போன ஞாயிறு எல்லார் முன்னாலும் பாட்டிலைத் திறந்தபோது தட்டார் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருந்தது பித்தளைப் பொடி.

"கமிட்டி செக்ரட்டரி அலெக்ஸாண்டர் கேக்குறான், 'உங்க தாத்தா பித்தளைப் பட்டறைலதான இருந்தாரு'ன்னு. 'இன்னா இது, கறுப்பா வேற கீது, குப்பையா'ன்னு சிரிக்கிறான். நன்கொடைக் கல்லுல பேரு கிடையாதாம். தெருவுல பசங்க 'பித்தளை இன்னாசி'ன்னு கூப்புடுது."

"தாத்தா எப்ப இறந்தாரு?"

"அறுபத்தொண்ணாம் வருசம். கல்லறையில வெட்டிக் கீது."

"அதுக்கப்புறம் பாட்டில யாரு திறந்தா?"

"நாந்தான், ஒரே ஒரு தபா. எம்புள்ள மேத்யூ பத்து வயசுல கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னிக்கி அவன் கையில கொட்டிக் காட்டினேன். வேற யாரும் இல்ல. எந்தங்கச்சி அடைக்கலமேரிகூட மறுநாள்தான் ஊர்லேர்ந்து வந்தா. மெழுகுவத்திய உருக்கி நானே மூடினேன். பீரோ சாவி தங்கச்சிகிட்ட. ஞாயித்துக்கு மூணு நாள் முன்னாடியே அலெக்ஸாண்டர் வந்து பாட்டில ஆபீசுக்கு எடுத்துக்கினு போனான்."

"மூணு நாளா? அவன்தான் மேடம்!" என்றார் ராமதாஸ்.

ஜஹானாரா பாட்டிலை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். மஞ்சள் பொடியோடு கருமணலும் விழுந்தது. காகிதத்தில் சுற்றிய காந்தத்தைக் காட்டினாள். கருமணல் ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் ஒட்டிக்கொண்டது.  பூதக்கண்ணாடியை ராமதாஸிடம் நீட்டினாள்.

"மேடம், குட்டிக் குட்டியா கோலிகுண்டு கீது!"

பிறகு அவள் தக்கையின் அடியில் ஒட்டியிருந்த பழைய மெழுகை நெடுநேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை ராயபுரத்தில் அம்புரோஸ் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அடைக்கலமேரி சாவிக்கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மணலியில் பித்தளை வால்வு செய்யும் பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கும் மேத்யூ கதவோரம் நின்றான். அலெக்ஸாண்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மலைப் பாறைக்குள்ள வெள்ளைக் கல்லு நரம்பு மாதிரி ஓடும். பொன் அதுக்குள்ள கிடக்கும்" என்று ஜஹானாரா தொடங்கினாள். "அதத் தேடி வெள்ளைக்காரக் கம்பெனிங்க தேவாலாவுல மலையக் குடைஞ்சு, நஷ்டத்துல மூடிட்டுப் போனாங்க. ஆனா மழை அந்தப் பாறைய லட்சக்கணக்கான வருஷமா உடைச்சு ஆத்துல விட்டுக்கினே இருந்துச்சு. பொன்னு கனம். தண்ணி வேகம் குறையிற வளைவுல தங்கிடும். கூடவே கனமான கருமணலும் தங்கும். அரிக்கிறவங்க கருமணல முழுசா கழுவமாட்டாங்க. கழுவினா பொடிப் பொன்னும் போயிடும். அதனால பாட்டில்ல கருமணல் இருந்தது குப்பையில்ல அலெக்ஸாண்டர். அது தொழில் தெரிஞ்சவரோட அடையாளம்."

"பித்தளையும் அடையாளமா?" என்றார் அவர்.

"வர்றேன். ஆத்துக் கருமணல்ல காந்தத்துல ஒட்டாததும் பாதி இருக்கும். இதுல எல்லாமே ஒட்டுது. யாரோ காந்தத்த வெச்சே பொறுக்கியிருக்காங்க. அந்தக் காந்தத்துலயே இந்தக் கோலிகுண்டும் வந்துடுச்சு. இது நிலக்கரிச் சாம்பல். உலையில உருகி உருண்டையானது. எண்ணூர் கரையில அள்ளினா கிடைக்கும். அங்க அனல் மின் நிலையம் வந்ததே எழுபதுலதான். இன்னாசி அறுபத்தொண்ணுலயே போயிட்டாரு."

அவள் தக்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தக்கை மெழுகுல ஆறு துகள் மாட்டியிருக்கு. அவல் மாதிரி தட்டையா, ஓரம் மழுங்கி. கூழாங்கல்லு இடிச்சு இடிச்சுப் பொன்னு அப்படி ஆகும். பித்தளைப் பொடி தேங்காய்த் துருவல் மாதிரி சுருண்டிருக்கும். பாட்டில்ல இருந்தது ஆத்துப் பொன்னுதான்."

அடைக்கலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! அப்ப எடுத்தது யாரு? சாவி எங்கிட்டதான கீது!"

"உள்ள இன்னா இருந்துச்சுன்னு நினைச்சீங்க?" என்றாள் ஜஹானாரா.

"தங்கம். வேற இன்னா?"

"அலெக்ஸாண்டரும் அதத்தான் நினைச்சாரு. கறுப்பப் பாத்துக் குப்பைன்னாரு. பழுப்புக் கண்ணாடி, வெளியேர்ந்து தெரியாது. தங்கம் மட்டும்தான்னு நினைக்கிறவங்க, கறுப்பக் குப்பைன்னு தள்ளிட்டுப் பித்தளைய மட்டும் போட்டு மூடியிருப்பாங்க. கருமணலும் இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்கதான் அதத் தேடி எண்ணூர் கரைக்குப் போவாங்க."

அம்புரோஸ் கதவோரம் நின்ற மகனைப் பார்த்தார். 

"உங்கையிலதானடா கொட்டிக் காட்டினேன்" என்றார் அம்புரோஸ்.

மேத்யூ தலை நிமிர்த்தவில்லை. "நூறு வருஷமா பூட்டியே கெடந்துச்சு நைனா. கிரீடம்லாம் செய்யமாட்டாங்கன்னு நெனச்சேன். அத்த தூங்கும்போது சாவிய எடுத்து, கறுப்பு மண்ணோட அப்படியே தட்டார்கிட்ட குடுத்து, கரோலினுக்குச் சங்கிலி செஞ்சேன்."

 மூன்று வருடத்துக்கு முன் பேத்தியின் கழுத்தில் அந்தச் சங்கிலியைப் பூட்டியது அம்புரோஸின் கைதான்.

"பித்தளை இன்னாசின்னு தெருவே கூவுச்சு. நீ கேட்டுக்கினு சோறு துன்ன."

அலெக்ஸாண்டர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, என் மேலயும் தப்பு கீது. வெளிய விட வேணாம். சங்கிலியக் குடுத்துடுங்க. கல்லுல 'இன்னாசி குடும்பத்தார்'னு போட்டுர்றேன். யாருக்கும் தெரியாது."

"செத்தவன எல்லார் எதிர்லயும் திருடன்னு சொன்ன. உயிரோட கீறவன மூடி வைக்கச் சொல்றியா?" அம்புரோஸ் முதுகை நிமிர்த்தினார். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நானே எழுந்து சொல்வேன். பொன்னு அரிச்சவன் யாரு, திருடினவன் யாருன்னு."

மேத்யூ பக்கம் திரும்பினார். "சங்கிலிய நீயே போய்க் கழட்டிக்கினு வா. ஏம்பான்னு புள்ள கேக்கும். நீயே பதில் சொல்லு."

மேத்யூ வெளியே போனான். 

அம்புரோஸ் தக்கையை எடுத்து அதன் மெழுகில் இருந்த ஆறு துகள்களைப் பார்த்தார்.

"கல்லுல இன்னாசின்னு மட்டும் வெட்டு, அலெக்ஸாண்டர். குடும்பத்தார்னு போடாத."