ராஜா விதி

சுடோகுக் கட்டத்தில் எட்டு இலக்கங்கள் ஏற்கெனவே பென்சிலில் நிரப்பப்பட்டிருந்தன. ஏழின் குறுக்கே சின்னக் கோடு, ரபீகாவின் கையெழுத்தேதான். ஆனால் அவள் பேராதனை ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வழிந்து, இப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருக்கிறாள்.

"இத யாரு எழுதின?"

"நீங்க தானே," என்றார் கதிரையை விட்டு எழ முடியாத கணவர் றவூப். "அஸர் தொழுகையோடயே வந்துட்டீங்களே."

தினமும் அந்திக்கு ஒரு சுடோகு. அவள் பென்சில் பிடிப்பாள், அவர் அழிறப்பர் பிடிப்பார். கொழும்பிலிருந்து மகன் அச்சடித்து அனுப்பும் தாள்கள். வாப்பாவின் மூளை துருப்பிடிக்கக் கூடாதாம். ஒவ்வொன்றிலும் ஒரு கூடுதல் விதி இருக்கும். இன்றையது ராஜா விதி: சதுரங்க ராஜா ஓரடி வைக்கும் தூரத்துக்குள், மூலைக்கு மூலைகூட, ஒரே இலக்கம் இரண்டு நிற்கக் கூடாது. நின்றால் பென்சிலில் எழுதியதை அழிக்க வேண்டும். அச்சில் வந்ததில் கை வைப்பதில்லை.

களைப்பில் நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே பென்சிலை எடுத்தாள். அப்படி நினைப்பதுகூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போது குசினியிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்டியின் மணமும், கரண்டி கோப்பையில் மூன்று தரம் தட்டும் ஓசையும், இடது காலை இழுத்து நடக்கும் செருப்புச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று தரம் தட்டுவது ரபீகாவின் பழக்கம். இடது காலை இழுப்பதும் அவள்தான்.

வந்தவள் ரபீகாவின் வீட்டுச் சட்டையில் இருந்தாள். அதே முகம், நன்றாகத் தூங்கி எழுந்தது. கையில் இரண்டே கோப்பை.

இது என் வீடு, என் மனுசன் என்று ரபீகா கத்த நினைத்தாள். அவள் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

சிவப்புத் தரை ஓடுகளில் மற்றவள் ஒரு கட்டம் வந்தாள். இன்னொன்று. ரபீகா நின்ற ஓட்டுக்கு மூலைக்கு மூலை நின்றாள்.

"ரெண்டு பேரும் இப்பிடி நிக்க ஏலாதே," என்றார் றவூப்.

ரபீகாவின் கையைப் பிடித்தார். எப்போதும் போல மெதுவாக. விரலைத் தடவிப் பார்த்தார்.

"இது பென்சில்." அழிறப்பரை எடுத்தார்.

"நான் தானே... நான் தானே ஒங்கட..."

வலிக்கவில்லை. அழிறப்பர் வாசம். அவர் மடியில் சாம்பல் துகள். ஊதினார். மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

மற்றவள் கோப்பைகளை வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, ஓர் ஏழு எழுதி அதன் குறுக்கே கோடு போட்டாள்.