எத்தாளைத் தவறணை வாசலில் நின்ற டீச்சர்

நோன்பு பிடித்துக்கொண்டு கள்ளுத் தவறணை வாசலில் நிற்பதைவிட ஒரு முஸ்லிம் டீச்சருக்கு வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

நுஸ்ராவுக்கு அன்று காலை அதுதான் எழுதியிருந்தது. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பஸ் எத்தாளையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. சனமெல்லாம் இறங்கி நிழல் தேடியது. அந்தப் பக்கத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அது நின்றதோ தவறணையின் வேலியோரம். தலைக்கு மேலே பெயர்ப்பலகை... அதன் கீழே கறுப்பு அபாயாவில் நுஸ்ரா.

முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் நோன்பு லீவு. இவளுக்குக் கிடைத்ததோ கண்டக்குழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவள் ஊரான தில்லையடியில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிற நேரத்தில் இவள் பஸ்ஸில் ஆடிக்கொண்டு போக வேண்டும். 'யா அல்லாஹ், தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது' என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

சோளகக் காற்று ஒரு வீசு வீசியது. கையிலிருந்த பரீட்சைத் தாள்கள் பறந்தன. எட்டாம் வகுப்பின் மானமெல்லாம் தவறணை முற்றத்தில் போய் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தவறணையின் பின்படலையைத் திறந்துகொண்டு அவன் வந்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கேன்கள். தலையில் தொப்பி. தொழுகைத் தொப்பி! இறங்கி, ஓடி ஓடித் தாள்களைப் பொறுக்கினான். கடைசித் தாளை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்தாள்.

கண்கள்... கடலோரக் களப்புத் தண்ணீரில் காலை வெயில் படுவது போல ஒரு தெளிவு. இந்தக் கண்ணுக்கும் அந்தக் கேனுக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளை நுரை மூடியின் ஓரத்தில் பொங்கி வழிந்திருந்தது.

"ஸலாம் டீச்சர்" என்றான். பிறகு பெயர்ப்பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். "நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க எண்டு நான் கேக்கல்ல. நான் ஏன் வாறன் எண்டு நீங்களும் கேக்க வேணாம். சரியா?"

அவன் போய்விட்டான். பஸ் திரும்பப் புறப்பட்டு, கண்டக்குழி கடற்கரையில் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் தெரியும்வரை அந்தச் சிரிப்பு அவளை விடவேயில்லை. 'நோன்பு மாதத்தில் கள்ளுக் கொண்டு போகிறவன்... அவனுடைய சிரிப்பை நினைக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா நுஸ்ரா?'

நுஸ்ராவின் வாப்பா பதுர்தீன் தில்லையடியில் ஒரு பள்ளிவாசலின் நிர்வாகி. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். யுத்தம் முடிந்து இவ்வளவு வருடமாகியும், இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வாய்தவறி 'அகதி' என்றால் அவருக்குக் கண் சிவந்துவிடும். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு அவர்களுடையது. நோன்பு திறக்கும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் அந்த முற்றத்தில் வைத்துத்தான் பங்கிடப்படும்.

அன்று பின்னேரம் வாப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். எத்தாளையில் பெரிய தென்னந்தோட்டக்காரரின் மகன் ஒருவர், முஆஸ் என்று பெயராம், பள்ளிக்கு இலவசமாகத் தென்னம் பதநீர் கொண்டு வருகிறாராம். புளிக்காதது, தேன் மாதிரி இனிக்குமாம். நோன்பு திறக்க இதைவிடக் குளிர்ச்சி வேறு உண்டா என்று உம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இருபது நிமிடம் இருந்தது. மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நுஸ்ரா ஜன்னலால் பார்த்தாள்.

அதே தொப்பி. அதே கேன்கள்...

முந்நூறு பேர் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி வாயில் வைக்கப்போவது கள்ளா? ஓடி வந்து வாப்பாவின் காதருகில் சொல்ல நினைத்தாள். ஆனால் வந்த வேகத்தில் குரல் முற்றம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"வாப்பா, அதக் குடுக்க வேணாம். இவர் காலையில எத்தாளைத் தவறணைக்குள்ள இருந்து இந்தக் கேனோட வந்தத நான் கண்டன்."

ஒருவர் கேனைத் திறந்து மணந்து பார்த்தார். இனிப்பு மணம்தான். ஆனால் கள்ளின் மணம் அங்கே யாருக்குத் தெரியும்? நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றால் எல்லோருக்கும் நோன்பு. வைத்துப் பார்த்தாலும் கள்ளின் ருசி யாருக்குத் தெரியும்?

பதுர்தீனின் முகம் சிவந்துவிட்டது. "நம்மள அகதி எண்டு நெனச்சித்தானே இதக் கொண்டு வந்தீங்க?" என்றார்.

முஆஸ் நுஸ்ராவை ஒரே ஒரு தரம் பார்த்தான். காலையில் கண்ட சிரிப்பு அந்தக் கண்ணில் இல்லை. வாப்பாவே இரண்டு கேன்களையும் தூக்கி வேலியோரம் கவிழ்த்தார். மணல் குடித்துக்கொண்டது. பாங்கு சொல்வதற்கு முன்பே அவன் போய்விட்டான். நோன்பைக்கூட அங்கே திறக்கவில்லை.

எல்லோரும் தொழப் போன பிறகு நுஸ்ரா வேலியோரம் போனாள். கவிழ்ந்த கேனின் மூலையில் ஒரு மிடறு மிச்சமிருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது... கைப்பைக்குள் பாசிச்சாயத்தாள், லிட்மஸ் தாள், இருந்தது. அன்று எட்டாம் வகுப்புக்கு அமிலமும் அதற்கு எதிரான மூலமும் படிப்பித்த மிச்சம். கள்ளென்றால் புளித்திருக்கும். புளித்தால் அமிலம். நீலத் தாள் சிவக்க வேண்டும்.

நீலத் தாளைத் தோய்த்தாள். சிவக்கவில்லை.

சிவப்புத் தாளைத் தோய்த்தாள். ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நீலம் ஏறியது. மூலம்... சுண்ணாம்பு! மரத்தில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி, புளிக்க விடாமல் இறக்கிய பதநீர். சாயங்காலம் வரை ஒரு சொட்டுக்கூடப் புளிக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் காட்டிய அதே நீலம்தான். ஆனால் இன்றுதான் அது அவளைப் பிரமிக்க வைத்தது. ஸுப்ஹானல்லாஹ்... இவ்வளவு சுத்தமான ஒன்றையா ஊற்றவைத்தேன்? ஒரு நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா? தாள் கைப்பைக்குள்ளேயே இருந்ததே!

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்தத் தவறணை வாசலில் அவளும்தானே நின்றாள்! 'டீச்சரும் அங்கதான் நிண்டாங்க' என்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் இவளுடைய கதை என்னவாகியிருக்கும்? அவன் வாயே திறக்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வாப்பாவிடம் தாளைக் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஊருக்கு முன்னால் ஊற்றியாயிற்று, இனி என்ன செய்ய, இந்தக் கதையை விடு என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் ஊர் விடவில்லை. இரண்டே நாளில் தில்லையடி முழுக்க முஆஸுக்குக் 'கள்ளுக்காரன்' என்று பெயர் ஆகிவிட்டது. பஸ் எத்தாளையைக் கடக்கிறபோதெல்லாம் நுஸ்ரா ஜன்னலோரம் காத்திருந்தாள். மூன்று நாள் அவனைக் கண்டாள். மூன்று நாளும் அவன் பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஒரு மனிதன் பார்க்காமல் போவது இவ்வளவு வலிக்குமா? அவளுக்கே அதிசயமாக இருந்தது.

நாலாம் நாள் எத்தாளையிலேயே இறங்கிவிட்டாள்.

தென்னந்தோட்டத்துக்குள் அவனைக் காணவில்லை. மேலேயிருந்து டொக் டொக்கென்று பாளையைத் தட்டும் சத்தம் வந்தது. அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. காலுக்கு ஒரு கயிறு, கைக்கு ஒரு கயிறு. நாற்பது அடி உயரத்தில், சோளகம் தென்னைகளைப் பேய்போல ஆட்டிக்கொண்டிருக்க, இடுப்பில் முட்டியோடு முஆஸ் அந்தக் கயிற்றில் நடந்து வந்துகொண்டிருந்தான். மரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன, கயிறு தொய்ந்தது, விலகின, இறுகியது. அவன் அவசரப்படவில்லை. காற்று ஓய்கிற அந்த ஒரு கணத்துக்காக நின்றான், காலை எடுத்து வைத்தான். அவன் தலைக்குப் பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது. நோன்போடு, ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல்... மனிதனால் இப்படியும் முடியுமா? பிழையாக ஒரு அடி வைத்தால்... அவள் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஸூராவையெல்லாம் ஓதினாள்.

"பயப்படாதீங்க டீச்சர், தம்பி விழாது" என்றார் மரத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த பஸ்தியான். பரம்பரையாகக் கள்ளுக்கு மரம் சீவுகிறவர்.

அவர்தான் எல்லாம் சொன்னார். மரம் முஆஸின் வாப்பாவுடையது. சீவுகிற அனுமதி தவறணைக்காரருடையது. அதனால் எந்த மரத்தில் எது இறங்கினாலும் தவறணை முற்றத்தில் அளந்துதான் வெளியே போக வேண்டும். இந்த நோன்புக்குப் பத்து மரத்தை முஆஸ் கேட்டு வாங்கி, கள்ளு பட்ட முட்டி வேண்டாமென்று புது முட்டி கட்டி, தானே சுண்ணாம்பு பூசி, தானே ஏறுகிறான். நோன்பாளிகளுக்கு என்று மனதில் நேர்ந்து நிய்யத்து வைத்தானாம்.

முஆஸ் இறங்கி வந்தான். அவளைக் கண்டதும் முகம் இறுகியது.

"பிழை செஞ்சிட்டன்" என்றாள். "வாப்பாட கையால ஊத்த வெச்சது நாந்தான். நானும் அங்க நிண்டதச் சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்ட பேர் நல்லாகுமா? ஒங்கட பேரும் சேந்து கெடும்." முட்டியை இறக்கி வைத்தான். "அவ்வளவுதான் டீச்சர். பஸ் வரும், போங்க."

மறுபடி கொண்டு வரும்படி கேட்டாள். அவன் தலையாட்டினான், முடியாதென்று. இன்னொரு தரம் மணலில் ஊற்றுவதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றான்.

நுஸ்ராவுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ... "இண்டைக்கி மஃரிபுக்கு நான் பேரீச்சம்பழம் மட்டும் வாயில போடுவன். ஒங்கட பதநீர் வரும் வரைக்கும் தண்ணி தொட மாட்டன்."

"இது என்ன பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லாம எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்க ஏலுமா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாட்டை அவள் பார்த்துவிட்டாள். அது போதும் என்று பஸ் ஏறினாள்.

அன்று வெயில் என்றால் வெயில். காற்றோ உப்பை அள்ளி வந்து தொண்டைக்குள் போட்டது. வீடு வந்து சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாங்கு சொன்னது. முற்றத்தில் எல்லோரும் நோன்பு திறந்தார்கள். நுஸ்ரா கதவு நிலையோரம் நின்று ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். உம்மா தண்ணீர் நீட்டினார். வேண்டாமென்றாள். கஞ்சி நீட்டினார். வேண்டாமென்றாள். வேலிப் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை.

'வராமல் விட்டுவிடுவானா?'

பதுர்தீன் தண்ணீர்க் கோப்பையோடு எழுந்து வந்தார். "என்ன மகள், பகல் முழுக்கக் காஞ்சிட்டு வந்து தண்ணி வேணாம் எண்டா என்ன கத?"

சொல்லிவிட்டாள். தோட்டத்துக்குப் போனதும், கேட்டதும், சபதம் போட்டதும். முற்றத்தில் கஞ்சிக் கோப்பைகளெல்லாம் நின்றுபோயின.

"ஊரே கள்ளுக்காரன் எண்டு சொல்றவனுக்காகவா?" என்றார் வாப்பா மெதுவாக.

"ஊர் சொல்லல்ல வாப்பா, நாந்தான் சொன்னன். அதக் கேட்டுத்தான் ஊர் சொல்லுது. அவர் பள்ளிக்குக் கொண்டு வந்தது சுத்தமான பதநீர், ஒங்களுக்கும் தெரியும்." நுஸ்ரா கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு சொன்ன பிறகு இதை மட்டும் மறைத்து என்ன? "எனக்கு அவர விருப்பம் வாப்பா."

வாப்பாவின் பார்வை அவளைத் தாண்டி, வேலிப்பக்கம் போய் நின்றது. நுஸ்ரா திரும்பினாள்.

வேலிக்கு அப்பால் முஆஸ், கையில் ஒரு கேனோடு. பாங்குக்கு முன்பே வந்தவன், உள்ளே வர மனம் ஒப்பாமல் அங்கேயே நின்றிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்... அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

பதுர்தீன் நடந்தார். படலையைத் திறந்தார். ஊருக்கு முன்னாலேயே, கையிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வெறும் கோப்பையை நீட்டினார்.

"எனக்கு முதல்ல ஊத்துங்க தம்பி. எல்லாரும் பாக்கட்டும். அண்டைக்கி நான் அவசரப்பட்டுட்டன், மனசில வெச்சிக்கிற வேணாம்."

ஊற்றும்போது முஆஸின் கை நடுங்கியது. நாற்பது அடி உயரத்தில் நடுங்காத கை. பதுர்தீன் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். அப்புறம் ஒரே மூச்சில் முடித்தார். முற்றத்தில் ஒவ்வொருவராகக் கோப்பையோடு எழுந்து வரத் தொடங்கினார்கள்.

"முதல்ல மகளுக்குக் குடுங்க" என்றார் பதுர்தீன். "காஞ்சு போய் நிக்கிறா."

அவன் நடந்து வந்தான். கதவு நிலையோரம் கோப்பையை நீட்டி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"காலையில கயித்தில நிக்கக்குள்ள, கீழ நீங்க கண்ண மூடிட்டு ஓதினத நான் கண்டன். அப்பதான் முதல் தரம் எனக்கு விழப் பயம் வந்திச்சு... எனக்கும் விருப்பம் நுஸ்ரா. நாளைக்கி பொண்ணு கேட்டு உம்மாவ அனுப்பட்டா?"

அவள் கோப்பையை வாங்கினாள். வாயில் வைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிர், அதற்குள் இனிப்பு, எங்கேயோ ஓரத்தில் மெல்லிய சுண்ணாம்புக் கசப்பு. காய்ந்த தொண்டை முழுக்க அது இறங்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அனுப்புங்க" என்றாள். பிறகு வெட்கத்தை விட்டு வெறும் கோப்பையைத் திரும்ப நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, தாகமா இரிக்கி."