கலைக்கு ஒரு வேவ் ஃபைல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, துணிக்கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரின் ஷட்டரை மூன்று மாதம் கழித்துக் கலையரசி தூக்கினாள். காலைப் பொழுதுதான். ஆனாலும் ஐப்பசி மழை மூடிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டியிருந்தது. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான். புருஷன் அறிவரசன் இருந்தால் அடியில் ஓர் உதை விடுவான், ஏறிவிடும். கலையரசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே உதைத்தாள்.

பூட்டிக் கிடந்த அறையின் வாடை முகத்தில் அடித்தது. தூசி, பிளாஸ்டிக், எலிப் புழுக்கை. அதற்கெல்லாம் அடியில், அவன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. இத்தனை மாதம் பூட்டிய அறையில் எண்ணெய் வாசனை நிற்குமா என்று கேட்டால், நிற்காதுதான். புருஷனைப் பறிகொடுத்தவளின் மூக்கிடம் போய் நியாயம் பேச முடியுமா?

அறிவரசன் ஆடி மாதம் ஒரு நாள், அரியலூரில் ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க பைக்கில் போனான். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிழைப்புக்காகத்தான் கடையைத் திறக்கிறாள் என்று ஊர் நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் வந்த காரணம் வேறு. முந்தின நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, 'அவரு என்னைய எப்படிக் கூப்பிடுவாரு?' என்று யோசித்தாள். வரவில்லை. முகம் சுவரில் மாலையோடு தொங்குகிறது, நினைத்தபோது பார்த்துக்கொள்ளலாம். குரல் மட்டும் எங்கோ நழுவிப் போயிருந்தது. கையில் இருந்த தேங்காய் நாரைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தக் குரல் இந்தக் கம்ப்யூட்டர்களில் ஏதாவது ஒன்றில் கிடக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஓடி வந்திருந்தாள்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. மஸ்கட், சிங்கப்பூர் என்று போன ஆண்கள் தங்கள் குரலைப் பதிவுசெய்து மெயிலில் அனுப்புவார்கள். குன்னம், வாலிகண்டபுரம் பக்கத்துப் பெண்கள் இங்கே வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்பார்கள். எந்த ஃபைல் வந்தாலும் பிரவுசரிலேயே திறந்து ஓடும்படி அறிவரசன் செய்து வைத்திருந்தான். புது மைக், புது சாஃப்ட்வேர் எது வந்தாலும் முதலில் தன் குரலைத்தான் பதிவுசெய்வான். பொண்டாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பான்.

"இதப் பாரு கலை. வேவ்னா, மைக்குல விழுந்தது அத்தனையும் அப்படியே இருக்கும். தும்மல், ஃபேன் சத்தம், தெருநாய், எல்லாம். அதான் ஃபைலு இந்தக் கனம் கனக்குது. எம்பி3 வெவரமான ஆளு. மனுசக் காதுக்கு எட்டாததெல்லாம் உருவிப் போட்டுட்டு மிச்சத்த மட்டும் வெச்சுக்கும்."

"அப்ப மிடி?"

"அதுல குரலே கிடையாது. எந்தச் சுரத்த எப்ப வாசிக்கணும்ங்கற குறிப்பு மட்டும்தான். வாசிக்க ஆளே இல்லாத பாட்டு."

"ஐயே, பேயி மாதிரி" என்று அன்றைக்கு அவள் சிரித்திருந்தாள்.

இப்போது அவன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அது முனகி முனகி எழுந்தது. திரையின் மூலையில் ஒரு வேவ் ஃபைல் இருந்தது. ஆங்கில எழுத்தில் 'கலைக்கு' என்று பெயர் வைத்திருந்தான். அவன் போன நாளின் தேதி.

அமுக்கினாள். பிரவுசர் திறந்தது. நடுவில் சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஊர்ந்து போகும் ஒரு புள்ளி.

"ஹலோ, ஹலோ... புது மைக்கு. கேக்குதா மகாராணி? சோறு கொண்டாந்தா மூடி வெச்சிட்டு இதக் கேளு. ரசத்துல உப்பு கம்மின்னா நானே போட்டுக்கறேன், சண்டைக்கு வராத. அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேன்."

மகாராணி! அப்படித்தான் கூப்பிடுவான், படுபாவி. அதைப் போய் எப்படி மறந்தாள்?

அன்றைக்குச் சோற்றுக் கூடையோடு அவள் இந்தப் படி ஏறுவதற்குள் சேதி வந்துவிட்டது. கூடையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்காகச் சொல்லி வைத்த பேச்சு கேட்க ஆளில்லாமல் இங்கேயே கிடந்திருக்கிறது.

"சரிங்க. பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் அழுதுகொண்டே.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. போயிட்டு வரேன் என்று புருஷன் சொன்னால் போயிட்டு வாங்க என்றுதானே எந்தப் பெண்ணுக்கும் வரும்?

கோட்டின் கடைசியில் புள்ளி போய் நின்றுவிட்டது.

ஹெட்போனில் சத்தம் நிற்கவில்லை.

மாடிப்படியில் செருப்பு இறங்கியது. கீழே பைக்கை ஓர் உதை, இன்னோர் உதை. கிளம்பியது. தெரு முனை திரும்பி, தேய்ந்து, மறைந்தது.

கலையரசி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேவ் ஃபைல் பொய் சொல்லாது என்பான் அவன். ஃபைலின் அளவைப் பார்த்தாலே எத்தனை நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டுவிடலாமாம். கணக்குப் போட்டாள். 'வரேன்' என்ற சொல்லோடு முடிய வேண்டிய ஃபைல் அது. தவிர, மைக் இருந்தது மாடியில். பதிவை நிறுத்திவிட்டு அவன் தெருவில் கிளப்பிய பைக் அதில் எப்படி விழும்? எம்பி3 ஆக மாற்றி ஓட்டினாள். 'வரேன்' என்றதோடு கச்சிதமாக நின்றது. மறுபடி வேவ். மறுபடி பைக்.

பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. செத்துப்போன புருஷன் காதுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான் என்றால் எந்தப் பொண்டாட்டி எழுந்து ஓடுவாள்?

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் 'போயிட்டு வாங்க' என்றாள். ஒவ்வொரு தடவையும் பயணம் கொஞ்சம் நீண்டது. பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ, யாரோ ஆடு ஓட்டுகிற சத்தம், பிறகு வெறும் காற்று. ஒரு நாள் அவன் வண்டியில் போய்க்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். பாட்டுதான், சுருதியே சேராத பாட்டு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் குன்னத்திலிருந்து பாக்யலட்சுமி வந்து சேர்ந்தாள். கலையரசி வயதுதான். புருஷன் மஸ்கட்டில் கொத்தனார். இந்தக் கடைக்கு வந்து வந்தே இவளோடு வாடி போடி என்று பழகியவள். கடை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தவள், கலையரசி திரையைப் பார்த்துத் தலையாட்டி 'போயிட்டு வாங்க' என்று சொல்வதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருகிட்டடி பேசுற?"

கலையரசி ஒளிக்கவில்லை. அத்தனையும் சொன்னாள். பாக்யலட்சுமியின் முகம் வெளுத்தது.

"அடிப் பாவி! எழவு வூட்டுக்கு வர்றவங்களையே நாம வாங்கன்னு கூப்புடறதில்ல. போறவங்களும் சொல்லாம கொள்ளாமத்தான் போறாங்க, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த வராது. நீ என்னடான்னா, போன மனுசன தெனம் தெனம் வாங்க வாங்கன்னு அழைக்கிற."

"வரட்டுமே. எம் புருசன்தான?"

"வந்தா, எப்படிடி வருவாரு? எந்தக் கோலத்துல வருவாரு?"

இதை மட்டும் கலையரசி யோசித்திருக்கவில்லை. பாக்யலட்சுமி தன் புருஷன் குரலைக்கூடக் கேட்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கே மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அந்த அரையிருட்டில், திரையின் நீல வெளிச்சத்தில், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று அமுக்கினாள்.

படி. பைக். டீக்கடை. ஆடு. காற்று.

அப்புறம், தூரத்தில், லாரியின் ஹாரன்.

நிறுத்து, நிறுத்து என்று மௌஸை அடித்தாள். கறுப்புப் பெட்டி கேட்கவில்லை. ஹாரன் கிட்டே வந்தது. டயர் கிறீச்சிட்டது. அடுத்து வந்த சத்தத்தை அவள் பிறகு யாரிடமும் சொல்லவே இல்லை.

அப்புறம் மழை மட்டும்.

மழைக்குள் ஒரு செருப்பு நடந்தது. ஒன்றுதான். இன்னொரு கால் இழுபட்டு வந்தது. ரொம்ப நேரம் நடந்தது. தார் ரோடு போய் சிமென்ட் தரை வந்தது. ஏறியது. படிப்படியாக நின்று நின்று ஏறியது.

கலையரசி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

இப்போது அது மாடிப்படியில் கேட்டது.

வாசலில் வந்து நின்றது. வாசலில் யாரும் இல்லை. டீசல் வாடை குப்பென்று அடித்தது. மிதியடியின் மேல், நனைந்த சுண்ணாம்புத் தூள், ஒரு கால் அளவுக்கு வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது.

மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல்.

"கலை."

அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"வலிக்குது கலை."

"ஐயோ, என்னங்க... எங்க வலிக்குது?"

"நீ வாங்கங்கற. நான் அந்த ரோட்டு வழியாத்தான் வரணும். வேற வழி இல்ல. உனக்குக் கேக்காட்டியும், ஒவ்வொரு தடவையும் அந்த லாரி வருது."

கலையரசி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசை ஆசையாகக் கேட்டாளே! ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓட்டினாள்! குரலைக் கேட்கிறோம் என்று நினைத்து, மனுஷனைத் திரும்பத் திரும்ப அந்த லாரிக்கு முன்னால் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழக்கூட அங்கே கழுத்து இல்லை.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

"போன்னு சொல்லு."

அந்த ஒரு சொல்லை அவள் ஆயுசில் அவனிடம் சொன்னதில்லை. கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள், நாள் கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள். வெளியே கிளம்புகிற புருஷனிடம் 'போ' என்று மட்டும் சொன்னதில்லை. கடைக்கு வெற்றிலை வாங்கப் போனாலும் 'போயிட்டு வாங்க'தான். நாக்கு அப்படிப் பழகிய நாக்கு. சொல்லிவிட்டால் இந்தக் குரலும் போய்விடும். மறுபடி ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது அது மறந்துபோகும், அப்போது ஓடி வருவதற்கு ஓர் இடம் இருக்காது.

"ஒரு தடவ, மகாராணின்னு கூப்பிடுங்க."

யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. அதன் மூச்சும் முடியப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"வலிக்குது கலை."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "போங்க சாமி. வராதீங்க. போங்க."

திரை அணைந்தது. யுபிஎஸ் அடங்கியது. அறைக்குள் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. டீசல் வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கலையரசி இருட்டில் தரையில் உட்கார்ந்து, எழவு விழுந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். அன்றைக்கு அவனை எடுத்துக்கொண்டு போனது ஊர். இன்றைக்கு அனுப்பியது அவளே.

கரண்ட் வந்த பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தாள். அளவு மாறவில்லை. புள்ளி கோட்டின் மேல் ஒழுங்காக ஊர்ந்து கடைசிக்குப் போனது. உள்ளே ஒரு சொல் இல்லை, ஒரு மூச்சு இல்லை. எம்பி3 ஆக மாற்றி வைத்ததிலும் அதே கதைதான். போய்விட்டான், நல்லபடியாகப் போய்விட்டான் என்று தனக்குத்தானே சொல்லித் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொண்டுதான் கடையைத் தினமும் திறந்தாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ராத்திரியில் தூக்கம்கூட வந்தது.

கார்த்திகை பிறந்து, மழை விட்ட ஒரு காலையில் பாக்யலட்சுமி வந்தாள். கலையரசியை மேலும் கீழும் பார்த்தாள். முகம் தெளிந்திருப்பதைக் கண்டு அவளுக்கும் மூச்சு வந்தது.

"எங்க ஆளு ஏதோ அனுப்பிச்சிருக்காராம். போட்டு வுடு."

கலையரசி மெயிலைத் திறந்து, ஃபைலை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டாள். பாக்யலட்சுமி சிரித்தாள், வெட்கப்பட்டாள், "ஆமா, இதுக்கொண்ணும் குறைச்சலில்ல" என்று காற்றுக்குப் பதில் சொன்னாள். கோட்டின் கடைசிக்குப் புள்ளி போய் நின்றது. பாக்யலட்சுமி ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"கலை..."

"என்னடி?"

"அவரு பேசி முடிச்சிட்டாரு. பொறவு வேற ஒரு ஆளு பேசுறாரு."

கலையரசி திரையைப் பார்த்தாள்; புள்ளி கோட்டின் கடைசியிலேயே நின்றிருந்தது.

"மகாராணி எங்கேன்னு கேக்குறாரு." பாக்யலட்சுமி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டாள். "போகச் சொன்னியாம், போயிட்டாராம். எங்க போகணும்னு நீ சொல்லலியாமே, கலை."