கடற்கரையில் முளைத்த கோரை

ஆடி அமாவாசைக்குக் கடலில் குளிக்கப் போகிறவர்கள் கூட்டம் கூடும் கரைக்குத்தான் போவார்கள். வேம்புவின் அப்பா காத்தானோ, கடை கிடையாது, ஈ காக்கை கிடையாது என்கிற ஒரு கரைக்கு அவளைக் கூட்டிவந்தார். ஊர்ப் பண்ணையார் சந்தானகிருஷ்ணன் முகத்தில் விழிக்கக் கூடாதாம். இரண்டு மாதமாகக் கூலித் தகராறு. பேச்சு நின்றுபோயிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளம் தாண்டி, இரண்டு மைல் நடந்து வந்து பார்த்தால், அங்கே சந்தானகிருஷ்ணன் நிற்கிறார்! பக்கத்தில் அவர் மகள் மதுரம். காத்தானைப் பார்க்கக் கூடாதென்று அவரும் இதே கரைக்கு வந்திருந்தார். பெரியவர்கள் புத்தி அவ்வளவுதான்.

அவர் தெற்கே திரும்பிக்கொண்டார். இவர் வடக்கே திரும்பிக்கொண்டார்.

வேம்புவுக்குப் பத்து வயது. கடலை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள். ஓடிப்போய்க் காலை நனைப்பதற்குள் ‘டப்’பென்று சத்தம். அப்பா இறக்கிவைத்த மண்குடம் மணலில் புதைந்திருந்த கல்லில் பட்டு உடைந்து, குடிதண்ணீர் முழுவதும் மணலுக்குள் போய்விட்டது.

“போச்சு. வா, திரும்பிடுவோம். இந்த வெயில்ல தண்ணியில்லாம நிக்க முடியாது.”

“இன்னும் காலே நனைக்கலப்பா!”

அந்தப் பக்கம் மதுரமும் அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் கூஜாவும் காலி. அவள் அப்பாவும் “கிளம்பு, கிளம்பு” என்றார்.

சித்திரையில் ஆறு காய்ந்தால் மணலில் ஊற்றுத் தோண்டுவார்களே! வேம்பு அலையோரம் உட்கார்ந்து பரபரவென்று தோண்டினாள். தண்ணீர் வந்தது. வாயில் வைத்தாள். தூ!

மதுரம் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். “கடல் பக்கத்துல தோண்டினா உப்புத் தண்ணிதான் வரும்.”

“அப்ப எங்க தோண்டுறது? சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதுல்ல? சிரிக்காத.”

வேம்பு மணல்மேட்டில் ஏறினாள். அந்தப் பக்கம், ஒற்றைப் பனையடிப் பள்ளத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. கோரை! வயலில் பறிக்கப் பறிக்க முளைத்து அவள் உயிரை வாங்குகிற அதே களை.

“சனியனே, இங்கயும் வந்துட்டியா? உப்புத் தண்ணியில நீ மொளைக்க மாட்டியே! அப்ப அடியில நல்ல தண்ணி இருக்கு!”

கோரையைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினாள். மதுரமும் பாவாடையைச் செருகிக்கொண்டு வந்தாள். முழங்கை ஆழத்தில் ஈரம். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் மெல்லச் சுரந்தது. வேம்பு நக்கிப் பார்த்தாள்.

“தித்திக்குது!”

மதுரம் கூஜாவை நீட்டினாள். வேம்பு குழியை மறைத்து நின்றாள்.

“குழி என்னுது.”

“கூஜா என்னுது.”

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. வேம்பு அங்கே கிடந்த ஒரு கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்ற, மதுரம் கூஜாவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாக்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். காத்தான் பனைமரத்திடம் சொன்னார்: “மணலாக் கெடக்கு. தெளிஞ்சப்புறம் குடிக்கணும்.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார் சந்தானகிருஷ்ணன், அதே பனைமரத்திடம்.

தண்ணீர் தெளிந்தது. அவர் கூஜாவை உற்றுப் பார்த்தார். யார் தோண்டிய குழி என்று யோசித்தாரோ என்னவோ.

“குடிங்கோப்பா, நானும்தான் தோண்டினேன்,” என்றாள் மதுரம்.

அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பிறகு கூஜாவைத் தானே காத்தானிடம் நீட்டினார். காத்தானும் அண்ணாந்து குடித்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் வா, காத்தான். கூலி விஷயம் பேசலாம்.”

“நான் மட்டும் வரமாட்டேங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்.”

“சரி, வா.”

பேசுவார்களோ, மறுபடி சண்டைதான் போடுவார்களோ! வேம்பு அதைக் கேட்க நிற்கவில்லை. மதுரத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்குள் ஓடினாள்.