பதினொன்று பத்துக்கு வந்த குரல்

விலைமதிப்பில்லாதது என்று எல்லாரும் சொல்லும் தாலிக்கொடிக்கு டோஸ்ட்ருப் நகைக்கடைத் தராசு ஒரு விலை சொன்னது: ஐம்பத்திரண்டாயிரம் டேனிஷ் குரோன். செத்துப்போன புருஷன் கட்டியது என்பதற்குத் தனியாக ஒன்றும் போடவில்லை. விமலராணி பேரம் பேசாமல் விற்றாள். தம்பி ஸ்ரிபன் கோலாலம்பூரில் வேலைக்குப் போகத்தான் அந்தக் காசு.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கொழும்பில் விமானம். அன்றோடு அவனுடைய போன் செத்தது.

சனி, காலை 10.15. டோஸ்ட்ருப் மளிகைக்கடையின் பின்மூலையில் விமான ரிக்கெற் போடும் கிறிஸ்துநாயகத்தின் முன்னால் அவள் நின்றாள். அல்பர்ட்ஸ்லுண்ட் முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும் வழியில் சீருடையோடே வந்திருந்தாள்.

“காசு வாங்கின ஒடென்சே ஏஜென்சிக்காரன் பஸ்தியாம்பிள்ளைதான் அண்ணை என்ர தம்பியை விழுங்கிப்போட்டான். பொலிசுக்குப் போறன். அதுக்கு முதல் இதைப் பாருங்கோ.”

அச்சடித்த ரிக்கெற். கொழும்பு புறப்பாடு 7.30. கோலாலம்பூர் வருகை 11.00. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம்.

“ஏழரையில வெளிக்கிட்டிருக்கிறான். பிடிச்சது உன்னையாக்கும்.”

கிறிஸ்துநாயகம் சொன்ன பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை.

“ஆர் அனுப்பினது?”

“தம்பிதான், வட்ஸ்அப்பில. இறங்கினாப் பிறகு பேசியும் அனுப்பினவன்.” போனை அழுத்தினாள்.

‘அக்கா, இறங்கிட்டன். இப்ப பதினொன்று பத்து. குடிவரவு லைனில நிக்கிறன்.’

“அவன்ர குரலோ?”

“ஓம். நான் தூக்கி வளர்த்த குரல்.”

“இங்க எத்தினை மணிக்கு வந்தது?”

“காலமை ஏழு நாப்பது. பஸ்ஸுக்கு நிண்டனான்.”

“முந்திப் பறந்தவனோ?”

“ஒரேயொருக்கா. பலாலியால சென்னைக்கு.”

10.40. கிறிஸ்துநாயகம் ஒடென்சேக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“போன மாசமே பெடியன் கொழும்பில காசைத் திருப்பி வாங்கிட்டான்,” என்று பஸ்தியாம்பிள்ளை கத்தினார். “தானே ரிக்கெற் போடுறானாம். மாசம் ஒருக்கா மலேசியா போறவன் நான். அந்த ஊருக்கெண்டே என்ர சுவரில மணிக்கூடு தொங்குது. ஆளைக் கடத்திறவன் எண்டோ நினைச்சீர்?”

“பொய்!” என்றாள் விமலராணி.

கிறிஸ்துநாயகம் போனை வைத்தார்.

“பஸ்தியாம்பிள்ளை கள்ளன்தான். இந்தக் களவு அவன்ர இல்லை. ஏழரையோட மூன்றரையைக் கூட்டினாப் பதினொன்று. ஆனால் கோலாலம்பூர் மணிக்கூடு கொழும்பை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுது. ரிக்கெற்றில மத்தியானம் ஒன்றரை எண்டு இருக்கவேணும். மாசாமாசம் போறவன் இதில பிழைவிடான். சென்னைக்கு மட்டும் பறந்தவன் விடுவான். அங்க இரண்டு கரையிலயும் ஒரே நேரம்.”

“அவனை ஆரும் ஏமாத்தியிருப்பினம்.”

“குரலைக் கேள், பிள்ளை. இங்க ஏழு நாப்பது எண்டா கோலாலம்பூரில ஒண்டு நாப்பது. பதினொன்று பத்து எண்டது கொழும்பு நேரம். லைனில நிண்டவனுக்குச் சுவர் முழுக்க மணிக்கூடு இருந்திருக்கும். அவன் அங்க போகேல்லை. ரிக்கெற்றைச் செய்தவன் ஸ்ரிபன்தான்.”

அவள் தம்பியின் இலக்கத்தை அழுத்தினாள். அணைந்தே கிடந்தது.

“மலேசிய மறியலில கம்பிக்குள்ள கிடக்கிறான் எண்டு நாலு நாள் மெழுகுதிரி கொளுத்தினன் அண்ணை,” என்றாள். “அதுவே நல்லா இருந்தது.”

ரிக்கெற்றை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கிறிஸ்துநாயகம் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார்.

புறப்பாடு 7.30. பறப்பு 3.30. மணிக்கூட்டு வித்தியாசம் 2.30. வரவேண்டியது 1.30. வரவு 11.00.

குறைவு: இரண்டரை மணித்தியாலமும் ஒரு தம்பியும்.